நுரையீரலுக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்: உறுதி செய்வதும் சிகிச்சையும்

உங்கள் தந்தைக்கு வயது 71. முப்பது ஆண்டுகள் பீடி பிடித்து, பிறகு விட்டவர். மூன்று மாதமாக நிற்காத வறட்டு இருமலுக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரல்களிலும் சிறு முடிச்சுகள் பல தெரிந்தன. சிறுநீர் தடைபடுகிறது என்று அவர் சொன்னதால் எடுத்த இரத்தப் பரிசோதனையில், சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியின் புரதமான பி.எஸ்.ஏ. 286 என்று வந்தது. எலும்பு ஸ்கேனில் இடுப்பெலும்பில் ஓர் இடம் மட்டும் ஐயத்துக்குரியதாக இருக்கிறது. ஒரு மருத்துவர் நுரையீரல் புற்றுநோய் நான்காம் நிலை என்கிறார்; இன்னொருவர் புராஸ்டேட்டிலிருந்து பரவியது என்கிறார். ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். நுரையீரல்வரை வந்துவிட்ட பிறகு சிகிச்சையால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பயன் உண்டு. ஆனால் எந்தச் சிகிச்சை என்பது, அந்த முடிச்சுகள் எங்கிருந்து வந்தவை என்பதை உறுதி செய்த பிறகே தீர்மானிக்க வேண்டியது. புற்றுநோய் மருத்துவப் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

புராஸ்டேட்டில் பிறந்த புற்றணு நுரையீரலில் போய் வளர்ந்தாலும் அது புராஸ்டேட் புற்றணுவாகவே இருக்கிறது. நுரையீரல் புற்றுநோயாக மாறிவிடுவதில்லை. அது வளர்வதற்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் தேவை. இதை 1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார்: விரைகளை நீக்கியதும் பரவிய நோயும் சுருங்கியது, இரத்தத்தில் அதன் அடையாளமான நொதியும் இறங்கியது. 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய சிகிச்சைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கின்றன. நுரையீரலிலேயே தோன்றிய புற்றுநோய்க்கோ இந்த ஹார்மோன் சிகிச்சையால் எந்தப் பயனும் இல்லை. அதற்குரிய மருந்துகள் முற்றிலும் வேறு. எனவே இரண்டு மருத்துவர்களில் யார் சொல்வது சரி என்பதை வெறும் கருத்து வேறுபாடாக விட்டுவிட முடியாது.

இந்நோய் பெரும்பாலும் எலும்புக்கே பரவும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது உண்மைதான். புராஸ்டேட்டைச் சுற்றியுள்ள சிரைகள் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைப் பின்னலோடு தொடர்புள்ளவை என்று 1940-இல் ஆஸ்கர் பாட்சன் விளக்கினார். இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் நோய் முதலில் தங்குவதற்கு அது ஒரு காரணம். ஆனால் நுரையீரலுக்குப் பரவுவது நாம் நினைக்குமளவு அரிதன்று. புராஸ்டேட் புற்றுநோய் இருந்த 1,589 பேரின் பிரேதப் பரிசோதனைகளைத் தொகுத்து 2000-இல் வெளியான ஆய்வில், இரத்தவழியாகப் பரவல் ஏற்பட்டிருந்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு எலும்பிலும், 46 விழுக்காட்டினருக்கு நுரையீரலிலும், 25 விழுக்காட்டினருக்குக் கல்லீரலிலும் நோய் இருந்தது. உயிருடன் இருக்கும்போது இவ்வளவு பேரிடம் அது தெரிவதில்லை. நுரையீரலில் உள்ள சிறு முடிச்சு வலிப்பதில்லை, பெரும்பாலும் இருமலைக்கூட உண்டாக்குவதில்லை.

ஸ்கேனில் இது பல வடிவங்களில் தெரியும். கருத்த பின்னணியில் வெள்ளைக் கடுகு தூவினாற்போல, கீழ்ப்பகுதிகளில் மிகுதியாக, ஓரம் வழவழப்பான உருண்டைகள் இருப்பது பொதுவான வடிவம். நிணநீர்க் குழாய்கள் வழியாகப் பரவியிருந்தால் உருண்டைகளுக்குப் பதிலாக வலை பின்னியதுபோன்ற தடித்த கோடுகள் தெரியும். இவர்களுக்குத்தான் மூச்சிரைப்பு மிகுதியாக இருக்கும். சிலருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும்.

நம் ஊரில் இந்த வடிவங்களைக் கண்டதும் முதலில் காசநோய் நினைவுக்கு வருவது இயல்பு. அது தவறும் அன்று. ஆனால் அந்த நினைப்பிலேயே நின்றுவிடுவது ஆபத்து. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் முன் வந்து அமர்ந்தபோது அவர் கையில் ஐந்து மாதத்துக் காசநோய் மாத்திரை அட்டைகள் இருந்தன. சளியில் கிருமி ஒருமுறையும் தெரியவில்லை. ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து மருந்து தொடங்கப்பட்டிருந்தது. இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவதாக அவர் சொன்னதை, வயதானால் அப்படித்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பரிசோதித்தபோது புராஸ்டேட் கல்போல் இறுகியிருந்தது. அரை நிமிடப் பரிசோதனை அது. ஐந்து மாதங்களுக்கு முன்பே அதை யாராவது செய்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. நிற்காத இருமலும் நுரையீரல் முடிச்சுகளும் உள்ள வயதான ஆணுக்குச் சளிப் பரிசோதனையோடு அந்த விரல் பரிசோதனையும் பி.எஸ்.ஏ.வும் செய்யப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

இனி உறுதி செய்யும் வழிக்கு வருகிறேன். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். வழக்கமாக ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமுக்குள் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறார்கள். சுரப்பி வீங்கினாலும், அதில் தொற்று வந்தாலும் அது ஏறும். ஆனால் 286 அளவுக்குப் போவது புற்றுநோய் இல்லாமல் மிக அரிது. ஆகவே உங்கள் தந்தைக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இருப்பது ஏறத்தாழ நிச்சயம். ஆனால் நுரையீரலில் உள்ள முடிச்சுகளும் அங்கிருந்து வந்தவைதாம் என்பதற்கு அந்த எண் சான்றாகாது. முப்பது ஆண்டு பீடிப் பழக்கம் உள்ளவருக்கு இரண்டு புற்றுநோய்களும் ஒருங்கே இருக்கக்கூடும், அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் புராஸ்டேட்டிலிருந்து சதை எடுத்து நோயையும் அதன் வேகத்தைச் சொல்லும் கிளீசன் எண்ணையும் அறிவார்கள். 8 முதல் 10 வரை வந்தால் வேகமான நோய் என்று பொருள். எலும்பிலும் பல இடங்களில் பரவி, நுரையீரலிலும் வழக்கமான உருண்டைகள் இருந்தால், பல மருத்துவர்கள் நுரையீரலைத் தொடாமல் ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கி, மூன்று மாதத்தில் முடிச்சுகள் சுருங்குகின்றனவா என்று பார்ப்பார்கள். அது ஏற்கத்தக்க வழியே. ஆனால் எலும்பில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் நுரையீரலில் மட்டும் நோய் தெரிவதாலும், புகைப்பழக்கம் இருந்ததாலும், உங்கள் தந்தைக்கு நுரையீரலிலிருந்தும் சதை எடுத்துப் பார்ப்பதே சரி என்று நான் கருதுகிறேன்.

ஊசி பற்றிய அச்சத்துக்கு விடை இது. சி.டி. மேசையில் படுக்கவைத்து, தோலை மரத்துப்போகச் செய்து, மூச்சை அடக்கச் சொல்லி, ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே மெல்லிய ஊசியை முடிச்சுக்குள் செலுத்துவார்கள். வெளியே வருவது சேமியா இழை அளவுள்ள இரண்டு மூன்று சதைத் துண்டுகள். ஊசி போன பாதையில் புற்றணு ஒட்டி வளர்வது மிக மிக அரிது. ஏற்கெனவே இரத்தத்தில் கலந்து பரவிய நோயை அந்த ஊசி மேலும் பரப்பிவிடப் போவதில்லை. நிஜமான ஆபத்து வேறு: நுரையீரல் உறையில் காற்றுப் புகுவதும், இருமும்போது சிறிது இரத்தம் வருவதும் உண்டு, அதற்காகவே பிறகு சில மணிநேரம் கண்காணிப்பில் வைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். இரத்தம் உறையாமலிருக்க ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த இழைகளை ஆய்வகத்தில் வெறுமனே பார்த்தால் போதாது. நுரையீரலில் தோன்றும் அடினோகார்சினோமா என்ற சுரப்பித் திசுப் புற்றுநோயும் புராஸ்டேட்டிலிருந்து வந்ததும் நுண்ணோக்கியில் சில சமயம் ஒன்றுபோலவே இருக்கும். சிறப்புச் சாயம் ஏற்றினால்தான் பிறப்பிடம் தெரியும். என்.கே.எக்ஸ். 3.1 என்ற சாயத்தில் அணுக்களின் கரு பழுப்பு நிறமாக மாறினால், அதுவும் பி.எஸ்.ஏ. சாயமும் பற்றினால், அது புராஸ்டேட்டின் பிள்ளை. டி.டி.எஃப். 1 என்ற சாயம் பற்றினால் நுரையீரலே பிறப்பிடம் என்ற பக்கம் தட்டு சாயும். சதையோடு அனுப்பும் தாளில் பி.எஸ்.ஏ. 286 என்று எழுதியிருந்தால்தான் நோயியல் மருத்துவர் இந்தச் சாயங்களை நாடுவார். எழுதாமல் விட்ட ஒரு வரியால் வாரக்கணக்கில் தாமதமான அறிக்கைகள் உண்டு. ஆகவே அந்தத் தாளில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று நீங்களே பணிவாகக் கேட்டுவிடுங்கள்.

பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் பற்றியும் சொல்லியிருப்பார்கள். புராஸ்டேட் புற்றணுவின் மேல் மிகுதியாக இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் போய் ஒட்டும் கதிரியக்க மருந்தை ஊசியாகப் போட்டு, அது சேரும் இடங்களைப் படமெடுப்பார்கள். சென்னை, வேலூர், கோயம்புத்தூர் போன்ற இடங்களில் இது கிடைக்கிறது. நோய் எங்கெங்கே உள்ளது என்பதைக் காட்டுவதில் பழைய ஸ்கேன்களைவிட இது மேலானது. இருப்பினும் சில நுரையீரல் புற்றுநோய்களும், காசநோய் முடிச்சுகளும்கூட இதில் ஒளிரக்கூடும் என்பதால், சதைப் பரிசோதனைக்கு இது மாற்றாகாது.

புராஸ்டேட்டிலிருந்து வந்ததே என்று உறுதியானால், முதல் வேலை டெஸ்டோஸ்டிரோனை அடக்குவது. விரைகளிலிருந்து ஹார்மோன் சுரக்கும் பகுதியைச் சிறு அறுவையில் நீக்கலாம். அல்லது மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ லூப்ரோலைடு போன்ற ஊசி போடலாம். பயனில் இரண்டும் சமம். அறுவை ஒரேமுறைச் செலவோடு முடிவது. ஊசி தொடர்ந்து செலவு வைப்பது. நம் நாட்டில் பல குடும்பங்கள் அறுவையைத் தேர்ந்தெடுப்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்த முடிவு உங்கள் தந்தையுடையதாக இருக்கட்டும், அவரைக் கேளாமல் பிள்ளைகள் எடுக்க வேண்டாம். லூப்ரோலைடு வகை ஊசியால் முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் இறங்குவதற்கு முன் ஏறும். அதைத் தடுக்க பைகலூட்டமைடு மாத்திரையை முதல் சில வாரங்களுக்குக் கொடுப்பார்கள். டெகாரெலிக்ஸ் ஊசியில் இந்த ஏற்றம் இல்லை.

அதோடு நிறுத்தினால் போதும் என்ற காலம் போய்விட்டது. நுரையீரலுக்குப் பரவியிருப்பதே, எலும்பில் எத்தனை இடம் என்று எண்ணாமல், நோயை மிகுபரவல் வகையில் சேர்த்துவிடுகிறது. 2015-இல் வெளியான சார்ட்டட் ஆய்வில், இந்த வகையினருக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டும் கொடுத்தபோது இடைநிலை ஆயுள் 32.2 மாதங்கள், அதோடு டோசிடாக்சல் என்ற கீமோவையும் சேர்த்தபோது 49.2 மாதங்கள். அபிராட்டிரோன் மாத்திரையைச் சேர்த்த லாட்டிடியூட் ஆய்வில் 36.5 மாதம் 53.3 ஆயிற்று. 2022-இல் வந்த அராசென்ஸ் ஆய்வு, ஹார்மோன் அடக்கம், டோசிடாக்சல், டாரோலூட்டமைடு மாத்திரை ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது, முதல் இரண்டை மட்டும் கொடுத்ததைவிட இறப்பு அபாயம் 32.5 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதைவிட நீண்ட காலம் வாழ்ந்தார்கள் என்று பொருள். உங்கள் தந்தைக்குக் குறித்த நாள் என்று அந்த எண்களை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவருக்கு மூன்றையும் சேர்ப்பதா, கீமோ இல்லாமல் மாத்திரையை மட்டும் சேர்ப்பதா என்பது வயதைவிட உடல்நிலையைப் பொறுத்தது. தானே நடந்து கடைக்குப் போய் வருகிறார், இதயமும் கல்லீரலும் சரியாக இருக்கின்றன என்றால், 71 வயது கீமோவுக்குத் தடையில்லை. டோசிடாக்சல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என ஆறு முறை ஏறும். அந்தக் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் அந்த நாட்களில் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அபிராட்டிரோன் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டில் தவறு நேர்வது இதில்தான். வழக்கமான அளவு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம், வெறும் வயிற்றில், பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டுடன். கொழுப்பு மிகுந்த உணவோடு அதே அளவைச் சாப்பிட்டால் இரத்தத்தில் மருந்து பத்து மடங்கு வரை ஏறிவிடும். இதே இயல்பைப் பயன்படுத்தி, 250 மில்லிகிராமை உணவோடு கொடுக்கும் முறையும் இருக்கிறது. 2018-இல் வெளியான 72 பேர் கொண்ட சிறு ஆய்வில் பி.எஸ்.ஏ.வைக் குறைப்பதில் அது முழு அளவுக்குப் பின்தங்கவில்லை, செலவோ கால்பங்காகிறது. மருத்துவர் எந்த முறையைச் சொன்னாரோ அதையே பின்பற்றுங்கள், இரண்டையும் கலந்துவிடாதீர்கள். இரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது. முன்பு காசநோய் வந்திருந்தால் ஸ்டீராய்டு தொடங்குமுன் கட்டாயம் சொல்லுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இந்த மருந்தின் அளவைப் பாதியாகக் குறைத்துவிடும் என்பதும் நம் நாட்டில் நினைவில் இருக்க வேண்டிய செய்தி.

செய்யத் தேவையில்லாதவை இரண்டு. புராஸ்டேட்டுக்குக் ‘கரண்ட்’, அதாவது கதிர்வீச்சு, வைத்தால் ஆயுள் கூடுமா என்று கேட்பார்கள். பரவல் குறைவானவர்களுக்கு அது பயன் தந்தது. மிகுபரவலில் ஆயுளைக் கூட்டவில்லை. சிறுநீர் அடைப்போ இரத்தக்கசிவோ இருந்தால் அதற்காகக் கொடுக்கலாம். ரேடியம் 223 ஊசி எலும்பில் மட்டும் பரவியவர்களுக்கானது. நுரையீரலில் நோய் இருக்கும்போது அது பொருந்தாது.

சிகிச்சை தொடங்கியபின் பி.எஸ்.ஏ. வேகமாக இறங்கும். ஏழாவது மாதத்தில் 0.2-க்குள் வந்துவிட்டால் நல்ல அறிகுறி. ஆனால் நுரையீரலில் நோய் உள்ளவருக்கு அந்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். குறித்த இடைவெளியில் சி.டி.யும் வேண்டும். சிலருக்கு நோய் உருமாறி, பி.எஸ்.ஏ. சுரக்காத சிற்றணு வகையாகிவிடுகிறது. அப்போது எண் அமைதியாக இருக்கும், முடிச்சுகள் மட்டும் பெருகும். அப்படி நேர்ந்தால் மறுபடியும் சதை எடுத்துப் பார்த்து, கார்போபிளாட்டின், எட்டோபோசைடு போன்ற வேறு கீமோவுக்கு மாற வேண்டும். நுரையீரலுக்கு வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று உங்களிடம் சொன்னவர்களுக்காக ஒன்று: ஹார்மோன் அடக்கத்தையும் மீறி வளர்ந்த நோயாளிகளின் பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் கணக்கிட்டபோது, இடைநிலை ஆயுள் எலும்பில் பரவியவர்களுக்கு 21.3 மாதம், நுரையீரலில் பரவியவர்களுக்கு 19 மாதம், கல்லீரலில் பரவியவர்களுக்கு 13.5 மாதம். நுரையீரல் எலும்பை ஒட்டியே நிற்கிறது. அந்தக் கட்டத்திலும் கபாசிடாக்சல் என்ற கீமோ, லுட்டீசியம் பி.எஸ்.எம்.ஏ. என்ற கதிரியக்க ஊசிச் சிகிச்சை, பி.ஆர்.சி.ஏ. மரபணுக் குறை உள்ளவர்களுக்கு ஒலாபாரிப் மாத்திரை ஆகியவை இருக்கின்றன.

மூச்சுத் திணறலைச் சகித்துக்கொண்டு இருக்கச் சொல்லாதீர்கள். நீர் கோத்திருந்தால் வடித்த அன்றே மூச்சு இலகுவாகும். முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்வாக உட்காரவைத்து முகத்துக்கு நேரே சிறு மின்விசிறி வைப்பதும் உதவும். காரணத்தைச் சரிசெய்த பின்னும் நீடிக்கும் திணறலுக்கு மருத்துவர் கண்காணிப்பில் சிறு அளவு மார்ஃபின் பாதுகாப்பானது. வலிதணிப்புப் பிரிவைக் கடைசி நாட்களுக்கென்று ஒதுக்கிவைக்காமல் இப்போதே அணுகுங்கள். திடீரென வரும் திணறல் நுரையீரலில் இரத்தக்கட்டியாக இருக்கக்கூடும். கால்கள் வலுவிழந்தால் முதுகெலும்புக்குள் உள்ள தண்டுவடம் நசுங்குவதாக இருக்கக்கூடும். இரண்டுக்கும் அன்றே போக வேண்டும்.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் இல்லாதது. பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ள ஆண்களில் 11.8 விழுக்காட்டினருக்கு, டி.என்.ஏ.வில் ஏற்படும் பழுதைச் செப்பனிடும் மரபணுக்களில் பிறவியிலேயே ஒரு குறை இருப்பதை 2016-இல் வந்த ஆய்வொன்று காட்டியது. அதில் முதலிடம் பி.ஆர்.சி.ஏ. 2-க்கு. தந்தைக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு. மகளுக்கு அது மார்பகத்தையும் கருப்பையை அடுத்த சூலகத்தையும் பற்றிய கவலை. நீங்கள் அவருடைய மகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது சி.டி. படங்களின் குறுந்தகட்டையும் பி.எஸ்.ஏ. அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள்; நுரையீரல் சதைப் பரிசோதனையைப் பற்றிப் பேசி முடித்ததும், உங்கள் தந்தைக்கு இந்த மரபணுப் பரிசோதனை வேண்டுமா என்பதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.